பூட்டு ஒண்ணு போதுமா மாப்ள?

வா மாப்ள, திண்ணையில குந்து. பட்டுச் சேலை விக்கறதெல்லாம் இப்ப போன்லயேதானாமே! பெரிய ஆளுதான். ஆனா பாஸ்வேர்டு மட்டும் நம்ம ஊர்ப் பேரு போட்டு மாகறல்123. மெயிலு, பேங்கு, பேஸ்புக்கு எல்லாத்துக்கும் அதே ஒண்ணு. எவனோ ஒருத்தன் அதைக் கண்டுபிடிச்சா மொத்தமும் அவனுக்குச் சீதனம்.

ரெண்டாவது பூட்டு போடுடான்னா, "அதுக்கெல்லாம் ஏது மாமா நேரம்"ங்கற. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாக்கற புள்ளைக்கு, பாவம், ஆறு நம்பர் தட்டத்தான் நேரமில்ல.

இந்த ரோட்டுல நேராப் போனா உத்திரமேரூரு. அங்க பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்குது, கி.பி. 921. ஊர்ச்சபைக்கு ஆளு தேர்ந்தெடுக்கற முறை அதுல இருக்குது. பேரு எழுதுன குடவோலையை எடுக்கறது வெவரம் அறியாத சின்னப் பையன். அதை வாங்கற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையிலதான் வாங்கணும். அவன் படிச்சா மட்டும் போதாது, மண்டபத்துக்குள்ள இருக்கற நம்பிமாருங்க, அதான் பூசாரிங்க, அத்தனை பேரும் படிக்கணும். அவங்கள்லாம் திருடனுங்களா? இல்ல. ஆனாலும் ஒத்தைக் கையை நம்பல. நீ 123-ஐ நம்பிக் குறட்டை விடற.

பாஸ்வேர்டு உனக்குத் தெரிஞ்சது. போனு உன் கையில இருக்கறது. ரேகை உன் ஒடம்புல இருக்கறது. இதுல ரெண்டு வகை சேந்தாத்தான் கதவு தொறக்கணும். ரெண்டு பாஸ்வேர்டு வெச்சிட்டு ரெண்டு வகைன்னு சாமர்த்தியம் காட்டாத.

ஆன்லைன்ல கார்டு போட்டு வாங்க ரெண்டாவது சோதனை வேணும்னு ரிசர்வ் பேங்கு 2009-லயே கட்டாயம் பண்ணிடுச்சு. மெயிலுக்கு உன்னை யாரு கட்டாயப்படுத்தறது? மொதல்ல பூட்ட வேண்டியதே அதைத்தான். மத்த கணக்குக்கெல்லாம் பாஸ்வேர்டு மாத்தற லிங்கு அங்கதான வருது! எஸ்எம்எஸ்ல வர்ற நம்பரை விட ஆத்தென்டிகேட்டர் ஆப்பு மேலு. முப்பது செகண்டுக்கு ஒருக்கா நம்பர் மாறும். உன் பேரைச் சொல்லி எவனாவது டூப்ளிகேட் சிம்மு வாங்கினாலும் ஆப்புல வர்ற நம்பர் அவன் கைக்குப் போவாது. போனு தொலைஞ்சா ஆவும், ரிகவரி கோடைக் காயிதத்துல எழுதி பீரோவுல வை. போன்லயே போட்டோ புடிச்சு வெக்கற புத்திசாலித்தனம் வேணாம்.

இத்தனையும் செஞ்சிட்டு, "பேங்குலேருந்து பேசறேன் சார், ஓடிபி சொல்லுங்க"ன்னு எவனாவது கேட்டா, நிறுத்தி நிதானமா ஒண்ணொண்ணாச் சொல்லுவ. மரியாதை தெரிஞ்ச புள்ள நீ! சொல்லித் தொலைச்சிட்டா அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் நம்பரு 1930-க்குப் போனைப் போடு. அப்புறமா என்கிட்ட வா. திட்டறதுக்கு எனக்கு நேரம் நெறைய இருக்குது.