தண்ணி தீந்தா சோறா?

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்றார்கள். அரிசி ஆலைக்காரர்கள் யோசித்தார்கள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்து இறங்கியது. 25 கிலோவுக்கு வரி உண்டு, 26-க்கு இல்லை. நாட்டின் வரிக் கொள்கைக்கும் என் இடுப்புக்கும் சம்பந்தம் ஏற்பட்டது அன்றைக்குத்தான். அந்தக் கூடுதல் ஒரு கிலோவைத் தெருவிலிருந்து உள்ளறைக்குத் தூக்கிப் போகிறவன் நான்.

மரக்காணத்தில் சிப்பம் சிப்பமாக அரிசி வாங்குவது ஆசைக்காக அல்ல. வெயில் ஏறும் மாதங்களில் உப்பு விளையும். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி, வரப்பு எல்லாம் ஒரே குளம். உப்பளத்தில் வேலை கிடையாது, கூலி கிடையாது. அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அது வரட்டும், அதற்கு முன்னால் புயல் வந்துவிடுகிறதே. 2020 நவம்பரில் நிவர் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் அரிசி வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆயாவின் சட்டம். ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது இட்லிக்குப் போய்விடும். சோற்றுக்குப் பொன்னி வேண்டும். சங்கப் பாடல்களில் உமணர்கள் உப்பைக் கொடுத்துச் சரிக்குச் சரி நெல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இன்று ஒரு கிலோ பொன்னிக்கு அளத்தில் எவ்வளவு உப்பு வார வேண்டும் என்று கணக்குப் போட்டால் அந்த உமணர்கள் மேல் வயிற்றெரிச்சல் வரும்.

அரிசி வந்தால் பின்னாலேயே வண்டு வரும். ஆயாவின் மாமியார் வீட்டில் குதிர் இருந்ததாம். எங்களிடம் இருப்பது நீல பிளாஸ்டிக் டிரம். அதற்குள் வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு எல்லாம் போட்டு மூடுவாள் ஆயா. கடைசியில் அரிசி நாட்டு மருந்துக் கடை மாதிரி மணக்கும். வண்டு அசையாது. காரணம், தாய் வண்டு அரிசியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையைப் பூசியும் விட்டுப் போகிறது. பிள்ளை சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைத் தின்று வளர்கிறது. வெளியே வேப்பிலை போட்டால் அதற்கென்ன? கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு பொறி செய்திருக்கிறது. துளை போட்ட குழாய்; அரிசிக்குள் குத்தி வைத்தால், காற்றைத் தேடி அலையும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் விழுந்துவிடும். வாங்கி வந்தேன். ஆயா தினமும் காலையில் உருவிப் பார்த்து, விழுந்தவற்றை எண்ணிக் கோழிக்குப் போடுகிறாள். டிவி சீரியல்கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது.

ரைஸ் குக்கர் பேச்சு எழுந்தது இந்தச் சமயத்தில்தான். 2006-இல் வந்த ஆட்சி கலர் டிவி கொடுத்தது. 2011-இல் வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ரைஸ் குக்கரை மட்டும் நாமே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு கடைக்கு ஆயாவையும் அழைத்துக்கொண்டு போனேன். ஒரு லிட்டரா, 1.8 லிட்டரா, கண்ணாடி மூடியா, எவர்சில்வர் மூடியா என்று கடைக்காரத் தம்பி அடுக்கினான். ஆயாவுக்கு ஒரே சந்தேகம்.

“சோறு வெந்துடுச்சின்னு அதுக்கு யாரு சொல்றது?”

“அடியில காந்தம் இருக்குது ஆயா.”

“காந்தத்துக்கு எப்பிடித் தெரியும்?”

அவனுக்கு விற்கத்தான் தெரியும். நான் விளக்கினேன். தண்ணீர் இருக்கிற வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் முழுக்கச் சுண்டியதும் சூடு அதைத் தாண்டும்; தாண்டியதும் காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் தள்ளும், ‘டக்’ என்று ஸ்விட்ச் மாறும். 1955-இல் ஜப்பானில் தோஷிபா முதல் தானியங்கிக் குக்கரை விற்பதற்கு முன், அதை உருவாக்கிய மினாமி என்பவரின் மனைவி வீட்டில் சோறாக்கிச் சோறாக்கித்தான் கணக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் விஷயத்தை மட்டும் ஆயா மதித்தாள்.

“அப்போ இது சோறு வெந்துச்சான்னு பாக்கல. தண்ணி தீந்துச்சான்னுதான் பாக்குது.”

கடைத் தம்பி என்னைப் பார்த்தான். நான் குக்கரைப் பார்த்தேன்.

“அளத்துல தண்ணி தீர்ற வரைக்குமா வுடறோம்? கடைசித் தண்ணிய வடிச்சிட்டுத்தானே உப்ப வாருவோம். சுண்ட வுட்டா கசக்கும்.”

உண்மைதான். கடல்நீரில் உப்பு படிந்த பிறகு மிஞ்சுவது மெக்னீசிய உப்புகள் நிறைந்த கசப்பு நீர்; அதை வெளியேற்றாவிட்டால் உப்பு கெட்டது. அளத்தில் வடிப்பதைக் கொட்டுகிறோம், அடுக்களையில் வடிப்பதைக் குடிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். வடித்த சோறில்லாமல் ஆயாவுக்குப் பழையது கிடையாது. பழையது இல்லாமல் விடியற்காலையில் அளத்துக்குக் கிளம்பும் ஆள் கிடையாது. கஞ்சி கிடைக்காத வீடு அவளைப் பொறுத்தவரை வீடே கிடையாது. ஜப்பான்காரர்களுக்குச் சோறு ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். நமக்குப் பருக்கை பருக்கையாக உதிர வேண்டும். பெட்டி அவர்களுக்காகச் செய்தது.

“அப்போ வேணாமா ஆயா?”

“வேணான்னு யாரு சொன்னது? அந்தப் பெரிசு எடு.”

700 வாட், வேளைக்கு அரை மணி நேரம், இரண்டு வேளை. இரண்டு மாதத்துக்கு 42 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு 1.8 லிட்டரை எடுத்தேன்.

இப்போது குக்கர் தினமும் வேலை செய்கிறது. ஆயா பானைக்கு வைப்பதுபோலவே தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவாள். பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். பதம் வந்ததும் ஸ்விட்சைத் தானே தட்டி அணைத்து, துணியால் பிடித்துக் கஞ்சியை வடிப்பாள். காந்தத்துக்கும் அவளுக்கும் தினம் நடக்கும் போட்டியில் காந்தம் இன்னும் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. ‘வார்ம்’ என்று எழுதிய அந்த மஞ்சள் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. வாரண்டி முடிவதற்குள், ஆயா ஊருக்குப் போகும் ஒரு நாள் பார்த்துச் சோதித்துவிட வேண்டும்.