குளத்தூரில் பார்க்க என்ன இருக்கு?

கோடை விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டுக்கு ஒரு பதவி உயர்வு வரும். மற்ற மாதமெல்லாம் அது குளத்தூரில் வேலிக்கருவைக்கு நடுவே நிற்கிற சாதாரண ஓட்டு வீடு. மே மாதம் வந்தால் சென்னைச் சொந்தங்களின் வாயில் அது ‘பீச் ஹவுஸ்’. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது பொய்யில்லை. பைக்கை எடுத்தால் சிப்பிகுளம், கீழவைப்பாறு. கீழ்க்காற்று அடிக்கிற நாளில் கருவாட்டு வாசம் வீடு தேடி வந்து சாட்சி சொல்லும்.

இந்த வருஷம் வந்தது என் மச்சினன் குடும்பம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அவன் மகன் காரிலிருந்து இறங்கும்போதே இடுப்பில் வாத்து மூஞ்சி போட்ட நீச்சல் டியூப். கால் கழுவி, மோர் குடித்து, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்ததும் மச்சினன் கேட்டான்:

“அத்தான், இங்க பார்க்க என்ன இருக்கு?”

குளத்தூர்க்காரன் எவனும் அஞ்சுகிற கேள்வி இது. பார்க்கவேண்டிய இடத்துக்கு எங்கள் சீமையில் பஞ்சமே கிடையாது. என்ன, போய் நின்றால் அங்கே ஒன்றும் இருக்காது.

கடலிலிருந்து தொடங்கினோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டவை, பவளப்பாறை உண்டு, கடல்பசு உண்டு என்று காரில் போகும்போதே நான் ஏற்றிவிட்டிருந்தேன். வேம்பாற்றுக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம்.

“தீவா? அந்தா தெரியுதுல்லா.”

“எங்கங்க?”

“கண்ணுக்குத் தெரியுதுல்லா, அதுக்கும் அங்கிட்டு.”

“போட்ல போலாமா?”

“போலாம். இறங்கப்படாது. கேஸ் போட்டுருவாக.”

நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புழுவினிச்சல்லி என்று பெயர்களை மட்டும் வாங்கிக்கொண்டு, மச்சினன் வெறும் அடிவானத்தைப் படம் எடுத்தான். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி என்று இன்னொரு தீவு இருந்ததையும் சொன்னேன். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவு தண்ணிக்குள்ளேயே போய்விட்டது. “அதையாவது பார்க்கலாமா?” என்றாள் அவன் மனைவி. முழுகிப்போன தீவு, இறங்கக்கூடாத தீவு. இரண்டில் எது பார்க்க லாயக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஆறு. மேற்குமலையில் பிறந்து சாத்தூர் வழியாக வந்து எங்கள் பக்கம் கடலில் சேருகிற வைப்பாறு. பையன் டியூபோடு தயாராக நின்றான். மணலுக்குள் கால் புதையக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டான்:

“மாமா, ஆறு எங்க?”

“நீ நிக்கிறதுதாண்டா ஆறு.”

அவன் கீழே பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு டியூபைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். டியூபுக்கும் ஓர் உபயோகம் கிடைத்தது.

மூன்றாவது, பாஞ்சாலங்குறிச்சி. மச்சினன் 1959இல் வந்த சிவாஜியின் கட்டபொம்மன் படத்தைத் தொலைக்காட்சியில் மனப்பாடமாகும் அளவுக்குப் பார்த்தவன். உள்ளே நுழையும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“இதுதானா அத்தான் அந்தக் கோட்டை?”

“இல்ல மாப்ளே. இது 1974இல் அரசாங்கம் கட்டினது.”

“அப்ப பழசு?”

பக்கத்தில் காட்டினேன். தரை. 1799 செப்டம்பரில் கும்பெனிப் படை அடித்தது. அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, விழுந்த மண்கோட்டையைத் திரும்ப எழுப்பி நிறுத்தினார். வெள்ளைக்காரனுக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை. மறுபடி பிடித்தபோது இடித்துத் தரைமட்டமாக்கினான். ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஊர்ப் பெயரையே கணக்குப் புத்தகத்திலிருந்து அடித்தார்கள்.

“சிவாஜி நடந்து வர்ற தர்பார்?”

“அது செட்டு.”

அவன் முகம் விழுந்ததைப் பார்க்கச் சகிக்காமல்தான் முயல் கதையை எடுத்தேன். கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்கு வந்தபோது இந்த இடத்தில் ஒரு முயல் திரும்பி நின்று வேட்டைநாய்களையே விரட்டியது. வீரம் விளைகிற மண் என்று கண்டு இங்கே கோட்டை போட்டார்கள். விஜயநகரத்துக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள். ஆந்திரச் சீமையிலிருந்து ஆட்கள் தெற்கே வந்தபோது முயலும் கூடவே வந்திருக்கும்போல. அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்கினான். “எத்தனை நாய், மாமா?” என்றான். ஆமணக்கு முளைத்த தரையை அப்புறம்தான் குனிந்து பார்த்தான்.

எட்டயபுரத்தில் கட்டடத்துக்குக் குறையில்லை. பாரதி பிறந்த வீடு இருக்கிறது. கல்கி முன்னின்று காசு திரட்டி 1947இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. ஆள்தான் இங்கே தங்கவில்லை. காசி, சென்னை, புதுச்சேரி என்று சுற்றி 1921இல் சென்னையிலேயே போய்ச் சேர்ந்தார். பதிலுக்குத் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எங்கள் எட்டயபுரத்தில் கண்ணை மூடினார். வரவும் செலவும் நேர். வறண்டு கிடந்த இந்தச் சீமையைப் பார்த்து அவர் அமிர்தவர்ஷிணி பாட, மழை கொட்டித் தீர்த்ததாம். நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை பாடவேண்டி வந்ததாம். மச்சினன் வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை. “அந்த ராகத்தை இப்ப யாரும் பாடுறதில்லையா அத்தான்?”

கழுகுமலையில்தான் அவன் மனசு குளிர்ந்தது. வெட்டுவான் கோவில், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பாகம் முடியாமல் நின்றுவிட்டது. சென்னையில் ஒரு ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவன் அவன். “பரவால்ல அத்தான். இவங்க மேல ஆரம்பிச்சுக் கீழ நின்னுருக்காங்க. நம்ம ஆளு கீழ ஆரம்பிச்சுக் கீழயே நிக்கிறான்” என்றான், ஏதோ துணை கிடைத்துவிட்ட மாதிரி.

நிஜமாகவே கண் முன்னால் இருப்பதை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பு அம்பாரம், கரிமூட்டத்துப் புகை, களம் களமாகச் சிவந்து கிடக்கிற வத்தல். ஒரு களத்தில் காரை நிறுத்தினேன். ஓர் ஆச்சி முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வெளுத்துப்போன சண்டு வத்தலைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார். கண் வத்தலில் இல்லை; விரலே பார்த்து எடுத்தது. நல்லது வலது பக்கம், சண்டு இடது பக்கம். மச்சினன் கேமராவைத் தூக்கவும் ஒரு காற்று வீசியது. குடும்பமே வரிசையாகத் தும்மியது. டிரைவரும் தும்மினார்.

“மெட்ராசா?” என்றார் ஆச்சி, தலையை நிமிர்த்தாமலே. “இங்கன என்னத்தப் பாக்க வந்தீக?”

கேட்டுவிட்டு அவரே பேச ஆரம்பித்தார். எந்த வருஷம் மழை பொய்த்தது, எந்த வருஷம் காடெல்லாம் வெள்ளமாய் நின்றது, கரிசல் மண் ஈரத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாத கதை, செருப்பை மண்ணுக்கே விட்டுவிட்டுப் பந்திக்கு வந்த மாப்பிள்ளை கதை. பொழுது சாய்ந்தும் மச்சினன் பெண்டாட்டி எழுந்திருக்கவில்லை.

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் பக்கம் ஊர் சுற்றுவது காதுக்கான வேலை. கோட்டை மண்ணாகிவிட்டது, ஆறு மணலாகிவிட்டது, தீவு தண்ணியாகிவிட்டது. சொல்ல ஆள் மிஞ்சியிருக்கிறது. இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராமம்’ நாவல் எழுதினார். அந்தக் கிராமத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகிற வழியில்லை, ஆனாலும் அதன் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

வேம்பாற்றுக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். தொல்லை விட்டது என்றிருந்தேன். போன வாரம் மச்சினன் போன் செய்தான். ஆபீஸில் பாஞ்சாலங்குறிச்சிக் கதையைச் சொல்லியிருக்கிறான். அவன் வாயில் முயலுக்கு மீசை முளைத்திருக்கிறது. நாய்கள் கும்பெனிப் படையின் நாய்களாகிவிட்டன. ஒரு வேன் பிடித்துப் பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்களாம்.

“அத்தான், அந்த முயலை மட்டும் நல்லாக் காட்டிருங்க.”

எங்கள் தெருவில் நாய்க்குக் குறைவில்லை. முயலுக்குத்தான் நாலு பேரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.