துயிலிடமும் சூதிடமும்

சூதைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்குகிறவர் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தைத் தொடாமல் கடக்க முடியாது. சூதாடி எவற்றை விட மாட்டான் என்று சொல்ல வந்த வள்ளுவர், கவற்றையும் கையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆடும் கழகத்தையும் அவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறார். பாரதக் கதையிலும் தருமனுக்கு அழைப்பு போவதற்கு முன்பே அத்தினாபுரத்தில் ஒரு மண்டபம் எழுகிறது. புது மண்டபத்தைப் பார்க்க வாருங்கள் என்பதுதான் அழைப்பு. வந்தவர்களுக்கு விருந்து கிடைக்கிறது, படுக்கை கிடைக்கிறது. இரவு அங்கேயே துயின்று, மறுநாள் காலையில் ஆட்டத்துக்குப் போகிறார்கள். தருமன் செய்த பிழைகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: ஆட்டத்துக்கு அழைத்தவன் வீட்டிலேயே அவன் தூங்கி எழுந்தான்.

அதே பிழை இன்றும் நடக்கும் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து லாஸ் வேகஸுக்குப் போகிறவர் எங்கே தங்க வேண்டும், எங்கே ஆட வேண்டும் என்பதே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்பதில்தான் பணம் போகிறது. கலிபோர்னியாவில் பிள்ளைகள் வேலை பார்க்க, அவர்களைப் பார்க்கப் போகும் நம்மூர்ப் பெற்றோர்கள் கிராண்ட் கேன்யன் பயணத்தோடு இந்த ஊரில் இரண்டு இரவு தங்குவது வழக்கமாகிவிட்டது. ஆகவே இது சூதாடிகளுக்கு மட்டுமான செய்தி அல்ல.

நெவாடா 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பத்து ஆண்டு கழித்து, 1941-இல், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் எல் ரான்சோ வேகஸ் என்ற விடுதி திறந்தது. இன்று ஸ்ட்ரிப் என்று உலகம் அறியும் தெருவின் முதல் சூதாட்ட விடுதி அது. ஆனால் நம் பொருளுக்கு வேண்டிய பாடம் ஐந்தாண்டு கழித்து ஃபிளமிங்கோ என்ற இன்னொரு விடுதியில் நடந்தது. குற்றவுலகப் புள்ளியான பக்ஸி சீகல் அதை 1946 டிசம்பர் 26 அன்று திறந்தபோது சூதாட்டக் கூடம் தயார், அறைகள் தயாராகவில்லை. வந்தவர்கள் ஆடினார்கள். ஜெயித்தவர்கள் ஜெயித்த பணத்தோடு வேறு விடுதிகளுக்குத் தூங்கப் போய்விட்டார்கள். கூடம் நஷ்டத்தில் ஓடியது. சில வாரங்களில் மூடிவிட்டு, 1947 மார்ச்சில் அறைகளோடு மீண்டும் திறந்தார்கள். அதன் பிறகு லாபம் வரத் தொடங்கியது.

ஜெயித்தவன் எழுந்து போய்விட்டால் கூடத்துக்கு நஷ்டம். மாடியில் தூங்கிவிட்டு மறுநாள் மறுபடி இறங்கி வந்தால் லாபம். விடுதிக்காரர்கள் 1947-லேயே கற்றுக்கொண்ட இந்தக் கணக்கை விருந்தாளிகள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பின்னாளில் சட்டமே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் புதிதாகப் பெரிய சூதாட்ட உரிமம் வேண்டுமானால் 200-க்கு மேற்பட்ட அறைகள் வேண்டும், 24 மணி நேரமும் திறந்திருக்கும் உணவகம் வேண்டும். கூடம் கட்ட விரும்புகிறவன் படுக்கையும் போட்டே ஆக வேண்டும்.

படுக்கை வேறாகவும் மேசை வேறாகவும் இருந்தவர்களில் இன்னொரு வகையினரும் உண்டு. அது அவர்கள் விரும்பி ஏற்றதல்ல. 1950-களில் ஸ்ட்ரிப்பின் மேடைகளில் பாடிய கறுப்பினக் கலைஞர்கள் பாடி முடித்ததும் அதே விடுதியில் தங்க முடியாது. ஊரின் மேற்குப் பகுதியில் இருந்த தங்கும் வீடுகளுக்குப் போக வேண்டும். எல்லா இனத்தவரையும் ஏற்ற மூலான் ரூஜ் விடுதி 1955 மே மாதம் திறந்து, அதே ஆண்டு நவம்பரில் மூடியது. 1960 மார்ச்சில், மறியல் அச்சுறுத்தலுக்குப் பிறகு, மூடிக் கிடந்த அதே கட்டடத்தில் பேச்சுவார்த்தை நடந்து ஸ்ட்ரிப்பின் கதவுகள் திறந்தன. இன்று யாரும் எந்த அறையையும் எடுக்கலாம் என்ற நிலையைச் சிலர் போராடி வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்த உரிமையை யோசித்துப் பயன்படுத்துவது நியாயம்.

இனி அறை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பழைய நகரம் என்பது வடக்கே ஃப்ரீமான்ட் தெரு. அங்கே கோல்டன் கேட் விடுதி 1906-இல் தொடங்கியது. எல் கோர்டெஸ் 1941-இலிருந்து நடக்கிறது. அறை வாடகை அங்கே பொதுவாகக் குறைவு. ஆனால் 1995-இல் தெருவின் ஒரு பகுதிக்குக் கூரை போட்டு, ஒளிக்காட்சியும் மேடைக் கச்சேரியுமாக நள்ளிரவு தாண்டியும் ஓசை ஓயாமல் வைத்திருக்கிறார்கள். தெருவைப் பார்த்த அறை வேண்டாம் என்று முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஸ்ட்ரிப்பில் தங்குகிறவரை ஏமாற்றுவது தூரம். தெருவின் நீளம் கிட்டத்தட்ட 6.8 கிலோமீட்டர். கட்டடங்கள் மிகப் பெரியவை என்பதால் எதிரே தெரியும் விடுதி இரண்டு நிமிட நடை போலத் தோன்றும். படிக்கட்டு ஏறி, நடைபாலம் கடந்து, ஒரு கூடத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் இருபது நிமிடம் போயிருக்கும். ஜூலையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஃபிளமிங்கோ சாலை குறுக்கிடும் நாற்சந்தியை நடுப்புள்ளியாக வைத்துக்கொள்வது நல்லது. பெல்லாஜியோ, சீசர்ஸ் பேலஸ், குரோம்வெல், ஹார்ஸ்ஷூ ஆகிய நான்கும் அந்தச் சந்தியின் நான்கு மூலைகள். பெல்லாஜியோ நீரூற்று அங்கிருந்தே தெரியும். அதற்குக் கட்டணம் கிடையாது.

விலையில் ஒரு நுணுக்கம் உண்டு. அறை வாடகை 50 டாலர் என்று இருக்கும். அதன்மேல் ரிசார்ட் கட்டணம் என்று 45 டாலர் போல ஒன்று வரும். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 13 சதவீத வரி. 50 டாலர் அறை 107 டாலர் ஆகிவிடும். முழுத் தொகையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசு விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் ஒழியவில்லை, கண்ணுக்குத் தெரிய வந்திருக்கிறது. கார் நிறுத்தப் பெரிய விடுதிகள் பலவும் தனியாக வாங்குகின்றன. மாநாடு நடக்கும் வாரத்திலும் கார் பந்தயம் நடக்கும் நவம்பரிலும் இதே அறை பல மடங்கு ஏறும்; ஞாயிறு முதல் வியாழன் வரை இறங்கும்.

பெரிய விடுதிகளில் வரவேற்பிலிருந்து லிப்டுக்குப் போகும் வழி கூடத்தின் ஊடாகவே போகும்படி அமைந்திருப்பது தற்செயல் இல்லை. கூட வடிவமைப்பு பற்றி பில் ஃப்ரீட்மன் 2000-இல் தடித்த நூல் ஒன்று எழுதினார். தாழ்ந்த கூரை, வளைந்து வளைந்து போகும் வழி, எங்கு திரும்பினாலும் இயந்திரம் என்பது அவர் இலக்கணம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது தொல்லை. 21 வயதுக்குக் கீழானவர்கள் கூடத்தைக் கடந்து போகலாமே தவிர நிற்கக் கூடாது. ஸ்ட்ரிப்பிலேயே கூடம் இல்லாத விடுதிகளும் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வடாரா அப்படி ஒன்று. பெல்லாஜியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, புகையும் கிடையாது. மாண்டலே பே கோபுரத்தின் மேல் மாடிகளில் இருக்கும் ஃபோர் சீசன்ஸ் இன்னொன்று. வடாராவின் வளைந்த கண்ணாடிச் சுவர் வெயிலைக் குவித்து நீச்சல் குளத்தருகே ஒருவரின் பிளாஸ்டிக் பையை உருக்கிய செய்தி 2010-இல் வந்தது. ஆகவே குளத்தங்கரையில் குடைக்குக் கீழே உட்காருங்கள். கூடம் இருந்தாலும் புகை வேண்டாம் என்பவர்களுக்குப் பார்க் எம்ஜிஎம் உண்டு.

அறைக்கு இவ்வளவு போதும். மேசைதான் விரிவாகப் பேச வேண்டியது, ஏனென்றால் அங்கேதான் விளம்பரம் ஒன்றும் விதி வேறொன்றுமாக இருக்கிறது.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் நீண்ட கணக்கில் கூடத்துக்கு 2.70 டாலர் போகும். இரண்டு பூஜ்யம் வந்தால் 38 குழி, 5.26 டாலர். 2016-இல் வெனிஷியன் விடுதி மூன்று பூஜ்யம் கொண்ட சக்கரத்தை இறக்கியது. பின்னர் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 39 குழி, 7.69 டாலர். எண்ணுக்குத் தரும் தொகை மூன்றிலும் 35 மடங்குதான். சக்கரம் அதே வேகத்தில் சுற்றும், பந்து அதே ஓசையோடு விழும். பூஜ்யங்களை எண்ணாமல் உட்காருகிறவர் இரண்டரை மடங்குக்கும் மேல் இழக்கிறார்.

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் இன்னும் கூர்மையானது. 1956-இல் அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த நால்வர் மேசைக் கணிப்பான்களை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்துக்கு உகந்த முறையைக் கணக்கிட்டுப் புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். கணித ஆசிரியர் எட்வர்ட் தார்ப் 1962-இல் எழுதிய நூல் அதை எல்லோரிடமும் கொண்டு சேர்த்தது. முறையறிந்து ஆடினால், நல்ல விதியுள்ள மேசையில் கூடத்தின் பங்கு அரை சதவீதம் அளவுக்குக் குறையும். நல்ல விதி என்பது முதல் இரு சீட்டில் 21 வந்தால் இரண்டுக்கு மூன்று தருவது. 15 டாலர் வைத்தவருக்கு 22.50 டாலர். இப்போது ஸ்ட்ரிப்பில் பல மேசைகளில் ஐந்துக்கு ஆறு என்று துணியின்மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 18 டாலர்தான் கிடைக்கும். அந்த 21 சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். மணிக்கு 70 ஆட்டம் என்று வைத்தால் மூன்றுக்கும் சற்று மேல். இந்த ஒரு விதியால் மட்டும் மணிக்கு 15 டாலர் கூடுதலாகப் போகிறது. யாரும் மறைக்கவில்லை, மேசையில் எழுதியிருக்கிறது; படிக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய நகரத்தில் எல் கோர்டெஸ் நெடுங்காலமாக நல்ல விதிக்குப் பெயர் பெற்றது.

கிராப்ஸ் என்ற பகடை ஆட்டத்தின் மேசையைப் பார்த்து நம்மவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள், கூச்சல் அதிகம் என்பதால். உண்மையில் அதன் அடிப்படைப் பந்தயத்தில் கூடத்தின் பங்கு 1.41 சதவீதம்தான். அதே மேசையின் நடுவில் இருக்கும் பந்தயங்களில் ஒன்றில் 16.67 சதவீதம். ஒரு கை நீளத்துக்குள் இவ்வளவு வித்தியாசம்.

ஸ்லாட் மெஷின்தான் பெற்றோர்களை இழுப்பது. சின்னக் காசு, டீலரோடு பேச வேண்டியதில்லை, ஒரு பொத்தான். சுழற்சிக்கு ஒரு டாலர், மணிக்கு 600 சுழற்சி, கூடத்தின் பங்கு 10 சதவீதம் என்று வைத்தால் மணிக்கு 60 டாலர் போகும். மேலே சொன்ன 15 டாலர் பிளாக்ஜாக் மேசையில், நல்ல விதியோடு, முறையறிந்து ஆடுகிறவருக்கு அதே ஒரு மணியில் போவது 5 டாலர் சொச்சம். சிறிய காசு பெரிய செலவு. மாநிலக் கட்டுப்பாட்டு வாரியம் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள்: பென்னி மெஷின்கள் டாலர் மெஷின்களைவிட அதிக சதவீதம் பிடிக்கின்றன, உள்ளூர்க்காரர்கள் ஆடும் பவுல்டர் நெடுஞ்சாலைப் பகுதியைவிட ஸ்ட்ரிப் அதிகம் பிடிக்கிறது. உள்ளூர்க்காரன் எங்கே போகிறான் என்று பார்த்துப் போவதற்கு இதுவே சான்று. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்தவருக்கு இன்னொன்றும் உண்டு. மெஷினில் பெரிய பரிசு விழுந்தால் 30 சதவீத வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிளாக்ஜாக், பக்காரா, கிராப்ஸ், ரூலெட் ஆகியவற்றில் ஜெயித்ததற்கு அந்தப் பிடித்தம் இல்லை.

இங்கேதான் அறையும் மேசையும் மறுபடி முடிச்சுப் போடப்படுகின்றன. உறுப்பினர் அட்டை ஒன்றைத் தருவார்கள். ஆடும் தொகை, வேகம், நேரம், கூடத்தின் பங்கு நான்கையும் பெருக்கி, நீங்கள் எவ்வளவு இழப்பீர்கள் என்று கணிப்பார்கள். அந்தத் தொகையில் ஒரு பகுதியை இலவச அறையாகவும் சாப்பாடாகவும் திருப்பித் தருவார்கள். வாய்க்கும் இலவச அறை உங்கள் இழப்பிலிருந்தே வெட்டி எடுத்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு மணி நேரம் உட்காருகிறவர்களை நினைத்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறைக்கு 107 டாலர் கொடுத்தவர் மறுநாள் கணக்கை முடித்துவிடுகிறார். இலவச அறை வாங்கியவருக்கோ அடுத்த மாதம் அடுத்த அழைப்பு வருகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. தூக்கத்துக்கும் காலுக்கும் குழந்தைக்கும் ஏற்றபடி அறையை எடுங்கள். கூடம் இல்லாத விடுதி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஆட ஆசை இருந்தால், எவ்வளவு போனால் எழுந்துவிடுவீர்கள் என்ற தொகையை அறையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, வேறொரு கட்டடத்துக்கு நடந்து போங்கள். உட்காருவதற்கு முன் பூஜ்யத்தை எண்ணுங்கள், மேசையில் அச்சிட்டதைப் படியுங்கள். இரண்டுக்கு மூன்று தரும் மேசை அகப்படவில்லை என்றால் ஆடாமல் திரும்பி வாருங்கள். கிளம்பும் காலையில், அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஐந்து டாலரைத் தலையணைமேல் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.