பெட்டி நிறைய பிட்

வீட்டில் சர்க்யூட் போர்டு செய்பவருக்கு டிரில் பிட் இரண்டு வகை. ஹைஸ்பீடு ஸ்டீல் லேசில் ஒடியாது; ஆனால் கண்ணாடியிழை போர்டில் சீக்கிரமே மழுங்கி, துளை போடுவதற்குப் பதில் தேய்த்துக்கொண்டிருக்கும். கார்பைடு லேசில் மழுங்காது. கை மயிரிழை சாய்ந்தால் 'டிக்'. பாதி போர்டுக்குள், பாதி டிரில்லில்.

ஐ.சி. காலுக்கு 0.8 மி.மீ., கொஞ்சம் தடித்த டயோடு காலுக்கு 1 மி.மீ. கார்பைடு பிட்டில் தண்டு மட்டும் எல்லா அளவுக்கும் பெரும்பாலும் 3.175 மி.மீ. ஆகவே முனை போன பிட்டும் பெட்டியில் கம்பீரமாகவே நிற்கும். தூக்கிப் போடவும் மனசு வராது. சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பும்போது பெட்டியை எட்டிப் பார்த்து, "அதான் நிறைய இருக்கே" என்று வாங்காமல் திரும்புவதற்குப் பெயர்தான் ஸ்டாக் நிர்வாகம்.

ஒடிவது எப்போதும் 0.8தான். மூலைத் திருகுக்கான 3 மி.மீ. பிட் பேரன் காலத்துக்கும் வரும்.