ஸ்லோ நிக்கலையா சார்?

வண்டியை ஓட்ட யாராலும் முடியும். வண்டி நிற்கும்போது இன்ஜினை மட்டும் ஒரே சீராக ஓட வைப்பதுதான் வித்தை. மெக்கானிக்குகள் இதை ‘ஸ்லோ நிற்பது’ என்பார்கள். என் வண்டிக்கு அது நிற்கவில்லை.

என்னுடையது 1980களின் மாடல், 350 சிசி, ஒற்றை சிலிண்டர். கம்பெனி பெயர் வேண்டாம். நான் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் டிகாக்‌ஷன் சூடாகிவிடும் என்றால் எந்த வண்டி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நெடுஞ்சாலையில் அதன்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலில்தான் புத்தி மாறும். ஆக்ஸிலேட்டரை நான் விட்டாலும் இன்ஜின் விடாது. தடதடவென்று எகிறும். “இன்னும் பச்சை விழலை சார்” என்பார் பக்கத்து ஸ்கூட்டர்காரர். பிறகு மெல்ல இறங்கும், இழுக்கும், விக்கும். பச்சை விழுந்த நொடியில் அணைந்துவிடும். நான் கிக்கரை உதைத்துக்கொண்டிருக்க, பின்னால் நிற்கும் டவுன் பஸ் டிரைவர் என் குலம் கோத்திரமெல்லாம் விசாரிப்பார்.

ஜலதோஷம் பிடித்தவனுக்கு ஆளுக்கொரு கஷாயம் சொல்வதுபோல, ஸ்லோ நிற்காத வண்டிக்கும் தெருவே வைத்தியம் சொல்லும். “பிளக்கை மாத்துங்க” என்றார் இஸ்திரிக்காரர். மாற்றினோம். “பாயிண்ட் கேப் பாத்தீங்களா?” என்றார் பால்காரர். 0.35 மில்லிமீட்டர் சரியாகவே இருந்தது. “பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறான் சார், அதான்” என்றார் எதிர்வீட்டு ஆசிரியர். இதில் பாதி உண்மை உண்டு. 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்து அந்தக் காலத்து ரப்பர் பாகங்களை யாரும் செய்யவில்லை. ஆனால் அவர் அதற்குமேல் நகர்ந்து மத்திய அரசின் கொள்கைகளுக்குப் போய்விட்டார். வண்டி அங்கேயே நின்றது.

மாடி வீட்டு மாமா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை, இன்ஜின் என்றால் குறைந்தது நூறு டன் இருக்க வேண்டும். “எல்லாம் லூஸா இருக்குடா” என்று ஸ்பேனரோடு இறங்கி, கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் மூச்சைப் பிடித்து முறுக்கினார். அடுத்து வந்தான் மச்சினன். செல்போனில் வீடியோ பார்த்தே இருதய ஆபரேஷன் வரை கற்றவன். “ரொம்ப சிம்பிள் மாமா” என்று ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகினான். அதன்பிறகு வண்டி அணையவில்லை. நிற்கவும் இல்லை. கியர் போட்டதும் எனக்கு முன்னால் கிளம்பியது. ஏர் ஸ்க்ரூவையும் திருகினான். மறுநாள் காலை கிளம்பவே இல்லை.

பாலக்கரையிலிருந்து மெக்கானிக் பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார். வண்டியைத் தொடாமல் முதலில் கேட்டது: “யார் யார் சார் கை வெச்சாங்க?” பட்டியலைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு ஸ்க்ரூவையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்து, ஹேண்டில்பாரை இடமும் வலமும் கடைசிவரை திருப்பினார். சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தமாம். ஏறவில்லை. இன்ஜின் சூடாகித் தள்ளாட ஆரம்பித்ததும் சோக்கைக் கொஞ்சம் போட்டார். சத்தம் சீரானது. பாய் முகம் மலர்ந்தது.

“காத்து திருடுது சார்.”

சோக் போட்டால் பெட்ரோல் கூடும். கூடியதும் சீராகிறது என்றால், இத்தனை நேரம் பெட்ரோல் போதவில்லை. ஒன்று, ஸ்லோ ஜெட் அடைத்திருக்க வேண்டும். அல்லது கணக்கில் வராத காற்று எங்கோ நுழைய வேண்டும். ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தது. “இதுல ஊசி விடக் கூடாது. ஓட்டை பெருசானா லாபம் பெட்ரோல் பங்குக்குத்தான்.” மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில், சூடான சைலன்ஸரில் படாமல், கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு சொட்டளவு அடித்தார். சத்தம் சட்டென்று மாறியது. திருடன் அங்கேதான்.

ஸ்லோவில் காற்று வரும் வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போவதே கொஞ்சம் காற்று. அதில் மயிரிழை இடுக்கு வழியாக வருவதும் பெரிய பங்காகிவிடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வாசல் திறந்து காற்று கொட்டும்போது அதே இடுக்கு ஒரு பொருட்டே இல்லை. நெடுஞ்சாலையில் சாதுவாக இருந்தது சிக்னலில் சாமியாடிய ரகசியம் இதுதான்.

பாய் கார்புரேட்டரைக் கழற்றி, ஒட்டும் முகத்தின்மேல் எஃகு ஸ்கேலை நிறுத்தினார். அடியில் வெளிச்சம் கசிந்தது. முகம் வில்லாக வளைந்திருந்தது.

“மேடு பள்ளம் இல்லாத கண்ணாடி இருக்கா சார்?”

வீட்டில் அப்படி இருந்தது எங்கள் கல்யாண போட்டோவின் கண்ணாடி ஒன்றுதான். “இந்தக் கல்யாணத்துலயும் மேடு பள்ளம் இல்லாத இடம் ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சுது” என்று கழற்றிக் கொடுத்தாள் மனைவி. அதன்மேல் உப்புத்தாளை விரித்து, எட்டு போடுவதுபோல் தேய்த்தார். நட்டு ஏறும் இரண்டு காதுகளும் முதலில் பளபளத்தன. நடுப்பகுதி மங்கலாகவே இருந்தது. “பாருங்க சார், காது ரெண்டும் முன்னால மடங்கியிருக்கு. நாப்பது வருஷமா வந்தவன் எல்லாம் நட்டை முறுக்கியிருக்கான்.” மாடி ஜன்னல் மெல்லச் சாத்தப்பட்டது.

முகம் முழுக்க ஒரே பளபளப்பு வந்ததும் புது ஓ-ரிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்தார். ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் கடைசியாகத்தான் தொட்டார். வண்டி நின்றபடி, விக்காமல், நிதானமாக அடித்தது. வீடியோவில் இதெல்லாம் வரவில்லை என்றான் மச்சினன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புது வண்டிகளில் பெட்ரோலை அளப்பது கம்ப்யூட்டரின் வேலை. மச்சினன்களின் ஸ்க்ரூடிரைவர் அங்கே அவ்வளவு சுலபத்தில் நுழையாது. பழைய வண்டிக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே, ஸ்லோ நிற்கவில்லையா? முதலில் கேபிள், அடுத்து சோக், பிறகு ஜெட், காற்றுக் கசிவு, எல்லாம் முடிந்தபின் ஸ்க்ரூ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உதவிக்கு யாராவது வந்தால் காபி கொடுங்கள், ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.