ஏழு பேர்ச்சும் காலிமுகத்திடலும்

ஊவாவின் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பிள்ளைகள் கொழும்புக்குச் சுற்றுலா போனால் முதலில் கேட்பது கடலைத்தான். இறக்கிவிடும் இடம் காலிமுகத்திடல்.

ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அங்கே உலாப் பாதையைக் கட்டி முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று, தமக்குப் பின் வருவோருக்குக் கல்லிலேயே எழுதி வைத்தார்.

பின் வந்தவர்கள் சொல் தட்டாதவர்கள். எஞ்சிய புல்லில் கை வைக்கவில்லை. பக்கத்துக் கடலைத்தான் நிரப்பினார்கள். 2014 செப்டம்பரில் தொடங்கிய துறைமுக நகரத்துக்காக எழும்பிய புதுநிலம் 269 ஹெக்டேயர். குதிரைப் பந்தயமும் கொல்ஃபும் நடந்த பழைய திடலோ சில ஹெக்டேயருக்குள் ஒடுங்கி நிற்கிறது.

இதில் ஊவாக்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. லயத்தை விட்டு வெளியேறும் தோட்டக் குடும்பத்துக்குத் தனிவீட்டுக்கென ஒதுக்கி வந்த காணி 7 பேர்ச். அதற்கே எத்தனை மனு, எத்தனை கூட்டம், எத்தனை தேர்தல்! கடலுக்குள் கிடைத்த நிலத்தை அதே அளவில் கூறு போட்டால் 15,000 துண்டுக்கு மேல் தேறும். மலையில் கிடைக்காத காணி கடலில் முளைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பட்டம் விடவும் இஸ்ஸோ வடை தின்னவும் திடலின் பழைய பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது.