ஆர்க்கிமிடீஸ் மேய்த்த மாடுகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பெரியப்பா தினமும் காலையில் கணக்கு அனுப்புவார். ‘நூற்றில் ஒருவருக்குத்தான் விடை தெரியும்’ என்ற சவாலும் கூடவே வரும். இந்த வியாதிக்கு மூலவர் யாரென்று தேடிப் போனால், சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில் ஆர்க்கிமிடீஸ் அகப்படுகிறார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு.

குளியல் தொட்டியிலிருந்து துணியில்லாமல் ஓடிய கதையை வைத்து அவரை வெள்ளந்தி என்று நினைத்துவிடாதீர்கள். மகா குசும்பர். அலெக்சாண்டிரியாவின் கணிதப் புலிகளுக்குத் தன் தேற்றங்களை நிரூபணம் இல்லாமல் அனுப்புவார். “இதெல்லாம் எங்களுக்கு எப்பவோ தெரியும்” என்று பீற்றிக்கொள்பவர்கள் மாட்டட்டும் என்று, நடுவில் இரண்டு தப்பான தேற்றங்களைச் செருகினார். பிற்பாடு அவரே அதைப் பெருமையாக எழுதியும் வைத்தார்.

அந்த ஊர் நூலகத் தலைவர் எரடோஸ்தனிஸ். நிழலை அளந்தே பூமியின் சுற்றளவைச் சொன்னவர். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘பீட்டா’. கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. அதாவது, எந்தப் பாடத்திலும் ரெண்டாம் ரேங்க். அந்தப் பாவப்பட்ட மனிதருக்குத்தான் ஆர்க்கிமிடீஸ் 44 வரிச் செய்யுளாக ஒரு மாட்டுக் கணக்கை அனுப்பினாராம். செய்யுள் அவருடையதுதானா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. குசும்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

சூரியதேவனின் மாடுகள் சிசிலியில் மேய்கின்றன. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், புள்ளி என்று நான்கு நிறம். கறுப்புக் காளைகளில் பாதி, மூன்றில் ஒரு பங்கு, மஞ்சள் காளைகள் முழுவதும், இம்மூன்றையும் கூட்டினால் வெள்ளைக் காளைகள். இந்த மாதிரி ஏழு நிபந்தனை. மொத்த மாடு எத்தனை?

மிகச் சிறிய விடையே 5,03,89,082. இதே மந்தைக்கு ஹோமர் கொடுத்த கணக்கு வெறும் 350. ஆர்க்கிமிடீஸ் சொல்படி பார்த்தால் சிசிலியில் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,000 மாடு. சாணி அள்ள இன்னொரு தேவன் வேண்டும்.

அதோடு விட்டாரா? ‘இதைப் போட்டால் நீ மக்கு இல்லை, ஆனால் அறிவாளி வரிசையில் இடமும் இல்லை’ என்ற தோரணையில் மேலும் இரண்டு நிபந்தனை. வெள்ளையும் கறுப்புமான காளைகள் சேர்ந்து சரியான சதுரமாக நிற்க வேண்டும். மஞ்சளும் புள்ளியும் முக்கோணமாக. இங்கேதான் கணக்குக்குப் பேய் பிடித்தது.

எரடோஸ்தனிஸ் பதில் போட்டாரா, கடிதத்தைக் கிழித்துப் போட்டாரா, நமக்குத் தெரியாது. செய்யுளை 1773-இல் லெஸ்ஸிங் என்ற ஜெர்மானிய நாடகாசிரியர், தான் வேலை பார்த்த நூலகத்துச் சுவடியிலிருந்து எடுத்து அச்சிட்டார். 1880-இல் ஆம்தோர் என்பவர், விடையில் 2,06,545 இலக்கங்கள் இருக்கும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். புத்திசாலி. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஒரு கணித மன்றத்து நண்பர்கள் நாலு வருஷம் மாரடித்தும், தலைப்பக்கமும் வால்பக்கமுமாகச் சில டஜன் இலக்கங்களே தேறின. கடைசியில் 1965-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர்கள் 7 மணி 49 நிமிடம் மென்று முழு எண்ணையும் துப்பின. நம்மால் காணக்கூடிய பிரபஞ்சத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கே சுமார் 80 இலக்கங்கள் போதும்.

அந்த எண்ணை ஆர்க்கிமிடீஸ் கையால் எழுதியிருக்க வழியே இல்லை. ஆகவே, அடுத்த முறை பெரியப்பா கணக்கு அனுப்பினால் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்களுக்கு விடை தெரியுமா, பெரியப்பா?”